லாடெக் தர மறுத்த 13 பாயிண்ட்

லாடெக்கில் ஒரு கட்டுரையை எழுதி, அதன் நடுவே ஒரு தலைப்பை மட்டும் 13 பாயிண்டில் அமைக்கச் சொன்னால், அதன் வழக்கமான எழுத்துருவில் 13 கிடைக்காது. தலைப்பு 12 பாயிண்டில் வந்து நிற்கும். கூடவே, கேட்ட அளவில் இந்த எழுத்து இல்லை, 12 வைக்கப்பட்டிருக்கிறது என்று பதிவுக் கோப்பில் ஒரு வரி ஏறியிருக்கும். 30 கேட்டால் 24.88 தரும். உரைக்கு நடுவிலேயே கட்டளைகளை எழுதிவைத்தால் கணினி அதைப் படித்துப் பக்கமாகக் கோத்துத் தரும் முறைதான் லாடெக். கணிதத்திலும் இயற்பியலிலும் ஆய்வுக் கட்டுரை எழுதுவோர் நாற்பது ஆண்டுகளாக இதைத்தான் நம்பியிருக்கிறார்கள். ஒரு பாயிண்டை 65,536 கூறுகளாகப் பிரித்துக் கணக்கிடும் துல்லியம் உள்ள அமைப்பு இப்படி ஒரு சாதாரண எண்ணை மறுப்பதைப் பலரும் பழைய மென்பொருளின் முரண்டு என்றே எடுத்துக்கொள்கிறார்கள். இந்த மறுப்புக்குப் பின்னால் ஐந்நூறு ஆண்டு அச்சுத் தொழிலின் அனுபவம் இருக்கிறது என்பது என் வாதம். அந்தத் தொழிலில் எழுத்தின் அளவு வெறும் எண்ணாக இருந்ததில்லை. ஒவ்வோர் அளவும் தனியாகச் செய்யப்பட்ட ஒரு பொருள். லாடெக்கின் அடியிலுள்ள டெக் அமைப்பு அந்த உண்மையைத் தெரிந்தே கணினிக்குள் கொண்டுவந்தது. அந்தத் தடை விலகிய பின் நமக்குக் கிடைத்த சுதந்திரத்துக்கு நாம் கொடுத்த விலையை இன்னும் சரியாகக் கணக்குப் பார்க்கவில்லை.

ஈய எழுத்துக் காலத்தில் ஒரு புதிய அளவு வேண்டுமென்றால் என்ன செய்ய வேண்டியிருந்தது என்பதிலிருந்து தொடங்குவோம். எஃகுத் துண்டின் முனையில் ஓர் எழுத்தைத் தலைகீழாகச் செதுக்க வேண்டும். அதைக் கடினப்படுத்திச் செம்பில் அடித்துப் பள்ளம் இறக்கினால் தாயச்சு கிடைக்கும். தாயச்சைக் கைவார்ப்பு அச்சில் பொருத்தி, உருகிய ஈயக் கலவையை ஊற்றினால் ஓர் அச்செழுத்து பிறக்கும். இத்தனையும் ஓர் எழுத்துக்கு, ஓர் அளவுக்கு. அடுத்த அளவுக்கு எஃகிலிருந்து மறுபடியும் தொடங்க வேண்டும். செதுக்குபவர் ஒவ்வோர் அளவையும் அந்த அளவிலேயே கண்முன் வைத்துச் செதுக்கினார். பெரியதைப் பார்த்துச் சிறியதை அளந்து சுருக்கவில்லை. சிறிய எழுத்தில் மெல்லிய கோடு மையில் மறைந்துவிடும் என்று அதைச் சற்றுத் தடிக்கவிட்டார். எழுத்தின் உள்வெளி மையால் அடைபடும் என்று அகலப்படுத்தினார். எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே கூடுதல் இடம் விட்டார். பெரிய எழுத்தில் இதற்கு நேர்மாறாகக் கோட்டை மெலிய வைத்து, இடைவெளியை இறுக்கினார். இதற்கு எழுதிவைத்த விதி எதுவும் தேவைப்படவில்லை, கையும் கண்ணும் போதுமாக இருந்தன. 1937இல் ஹாரி கார்ட்டர் ‘டைப்போகிராஃபி’ என்ற ஆங்கில இதழில் எழுதிய கட்டுரைதான் இதை ஒரு கோட்பாடாக எடுத்துப் பேசியது. அது வெளிவந்தபோது பழக்கம் ஏற்கெனவே நலியத் தொடங்கியிருந்தது.

அளவுகளுக்கு எண் வந்ததும் மிகத் தாமதம். இங்கிலாந்தில் ஜோசப் மாக்ஸன் 1683இல் வெளியிட்ட அச்சுத்தொழில் கையேட்டில் அளவுகள் பெயர்களாகவே நிற்கின்றன. பைக்கா எழுத்தில் ஓர் அடி நீளத்துக்கு 75 வரி, நான்பரேல் எழுத்தில் 150 வரி என்று எண்ணிச் சொல்கிறார் அவர். ஒரு வார்ப்பகத்தின் பைக்கா இன்னொரு வார்ப்பகத்தின் பைக்காவோடு பொருந்தும் என்ற உறுதி எதுவும் அன்று இல்லை. பிரான்சில் பியர்-சிமோன் ஃபூர்னியே 1737இல் அளவுகளுக்கிடையே ஒரு விகித அட்டவணையை வகுத்தார். 1780களில் பிரான்சுவா-அம்ப்ருவாஸ் டிடோ அதை அரச அங்குலத்தோடு பிணைத்து, அதில் 72இல் ஒரு பங்கைத் தன் பாயிண்டாக்கினார். அமெரிக்காவில் 1871 சிகாகோ பெருந்தீயில் மார்டர், லூஸ் நிறுவனத்தின் வார்ப்பகம் அழிந்தது. எல்லாவற்றையும் புதிதாகச் செய்ய வேண்டியிருந்த நிலையில் அவர்கள் ஒழுங்கான அளவுமுறை ஒன்றைக் கையில் எடுத்தார்கள். 1886இல் அமெரிக்க எழுத்து வார்ப்பாளர் சங்கம் ஒரு பொது பாயிண்டை ஏற்றது: ஓர் அங்குலத்தில் 0.013837 பங்கு. ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 72.27 பாயிண்ட். இன்றும் டெக் பயன்படுத்துவது அந்த 72.27-தான். மற்ற மென்பொருள்களெல்லாம் 72 என்று முழு எண்ணாக்கிக்கொண்ட பிறகும் டெக் வார்ப்பகத்தின் பாயிண்டை விடவில்லை. ஆனால் இத்தனை நாடுகளிலும் நடந்த அளவுச் சீர்திருத்தம் எழுத்து நிற்கும் ஈயக் கட்டையின் உயரத்தைத்தான் ஒழுங்குபடுத்தியது. கட்டையின்மேல் எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்பதை எந்த அட்டவணையும் சொல்லவில்லை. அளவுக்கு எண் கிடைத்ததும் எழுத்தையே எண்ணால் செய்துவிடலாம் என்ற மயக்கம் அங்கேதான் முளைத்தது.

அளவு எவ்வளவு பெரிய பொருளாதாரக் கேள்வியாக இருந்தது என்பதற்குத் தரங்கம்பாடியைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரிந்து இல்லை. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்க்கப்பட்ட தமிழ் எழுத்துகள் 1713இல் தரங்கம்பாடி மறைப்பணியாளர் சீகன்பால்குவின் அச்சுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தன. அவை மிகப் பெரியவை. கடல் கடந்து வரவேண்டிய காகிதத்தை அவை தின்று தீர்த்தன. புதிய ஏற்பாட்டின் முற்பகுதியை அந்தப் பெரிய எழுத்தில் 1714இல் அச்சிட்டபோதே, மீதியையும் அப்படியே அச்சிட்டால் காகிதம் போதாது என்று தெரிந்துவிட்டது. அச்சுக்கூடத்தில் இருந்த ஆட்லர் சிறிய அளவில் புதிய தமிழ் எழுத்துகளை அங்கேயே செய்து வார்த்தார். நூல் 1715இல் அந்த எழுத்தில் முடிந்தது. அளவைக் குறைக்க வேண்டும் என்று முடிவெடுத்தால் போதாது, குறைந்த அளவுள்ள தமிழை ஒருவர் உட்கார்ந்து உருவாக்க வேண்டியிருந்தது. ஆட்லர் உருவாக்கியது ஹாலே எழுத்தின் சுருங்கிய நிழல் அல்ல, தனி எழுத்து.

இந்த நிலை படிப்படியாகக் கரைந்தது. 1880களில் லின் பாய்ட் பென்டன் செய்த செதுக்கு இயந்திரம் ஒரு பெரிய மாதிரியிலிருந்து வேண்டிய அளவுக்குச் சுருக்கி எழுத்து வெட்டியது. அதில் அகலத்தையும் தடிமனையும் அளவுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வழி இருந்தது, பொறுப்புள்ள வார்ப்பகங்கள் மாற்றவும் செய்தன. ஆனால் மாற்றாமலும் விடலாம் என்ற வாய்ப்பு முதல்முறையாக வந்துவிட்டது. அடுத்து வந்த ஒளி அச்சுக்கோப்பில் எழுத்து ஒரு படச்சுருளாகி, கண்ணாடி வில்லை அதைப் பெரிதாக்கவோ சிறிதாக்கவோ செய்தது. ஒரே படத்திலிருந்து எல்லா அளவும். கணினிக் கட்டளையால் பக்கம் கோக்கும் முறை பிறந்தது இந்தக் கட்டத்தில்தான். 1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வுக்கூடத்தில் ஜோ ஒசானா எழுதிய டிராஃப், கேட் என்ற ஒளி அச்சுக்கோப்பு இயந்திரத்தை இயக்கப் பிறந்தது. அந்த இயந்திரத்தால் 15 அளவுகள்தான் முடியும்: 6 முதல் 12 வரை ஒவ்வொன்றாக, பிறகு 14, 16, 18, 20, 22, 24, 28, 36. டிராஃபில் அளவுக்கு ஒரு கட்டளை, வரிக்கும் வரிக்கும் உள்ள தூரத்துக்கு இன்னொரு கட்டளை. எதுவும் சொல்லாவிட்டால் 10 பாயிண்ட் எழுத்து, 12 பாயிண்ட் வரித்தூரம். பட்டியலில் இல்லாத அளவைக் கேட்டால் பட்டியலில் உள்ள ஒன்றைத் தந்தது. வெளிப்பார்வைக்கு இது லாடெக்கின் மறுப்பு போலவே தெரியும். ஆனால் இங்கே தடையை விதித்தவை இயந்திரத்தின் வில்லைகள். 6 பாயிண்டும் 36 பாயிண்டும் ஒரே படத்தின் நிழல்கள்தாம். அளவுப் பட்டியல் இருந்தது, ஒவ்வோர் அளவுக்கும் தனி எழுத்து இல்லை. இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால்தான் அடுத்து நடந்தது புரியும்.

டொனால்ட் நூத் எழுதிய ‘கணினி நிரலாக்கக் கலை’யின் முதல் மூன்று தொகுதிகள் 1968க்கும் 1973க்கும் இடையே மோனோடைப் ஈய எழுத்தில் அச்சாயின. இரண்டாம் தொகுதியின் மறுபதிப்புக்கான மெய்ப்பு 1977 மார்ச் இறுதியில் அவர் கைக்கு வந்தபோது பதிப்பகம் ஒளி அச்சுக்கோப்புக்கு மாறியிருந்தது. எழுத்துகளும் இடைவெளிகளும் அவருக்குப் பொறுக்கவில்லை. அதே ஆண்டின் தொடக்கத்தில்தான் டிஜிட்டல் இயந்திரத்தில் அச்சுக்கோத்த வேறொரு நூலின் மெய்ப்பைப் பார்த்து, எழுத்து இனிப் புள்ளிகளின் கூட்டம், புள்ளியை அடுக்குவது நிரலாளரின் வேலை என்று அவர் கண்டுகொண்டிருந்தார். சில மாதங்களில் முடியும் என்று ஸ்டான்ஃபோர்டில் தொடங்கிய பணி, 1986இல் ஐந்து தொகுதிகளாக வெளிவந்த டெக், மெட்டாஃபான்ட் நூல்களில் போய் முடிந்தது. அந்த ஐந்தில் கடைசித் தொகுதி முழுக்கக் கம்ப்யூட்டர் மாடர்ன் என்ற எழுத்துருவுக்கு உரியது; பழைய தொகுதிகளில் இருந்த மோனோடைப் எழுத்தை முன்மாதிரியாகக் கொண்டு அவரே வடித்தது. டெக் பக்கத்தைக் கோத்தது, மெட்டாஃபான்ட் எழுத்தை வரைந்தது. பக்கம் கோக்கும் கருவியைச் செய்யப் புறப்பட்ட ஒருவர் எழுத்து வரையும் கருவியையும் செய்ய நேர்ந்ததுதான் இந்தக் கதையின் திருப்பம் என்பேன். கெட்டுப்போனது பக்க அமைப்பு மட்டுமாக இருந்தால் டெக் ஒன்றே போதுமாக இருந்திருக்கும்.

மெட்டாஃபான்டில் எழுத்து ஒரு படமாகச் சேமிக்கப்படுவதில்லை. எழுத்தை எப்படி வரைவது என்ற நிரலும், 62 அளவெண்களும் இருக்கும். அளவெண்களை மாற்றினால் எழுத்து மாறும். நூத் சாதாரண ரோமன் வடிவத்துக்கு 5, 6, 7, 8, 9, 10, 12, 17 ஆகிய எட்டு அளவுகளில் எட்டுத் தொகுதி அளவெண்களை வகுத்தார். அவற்றில் 10 பாயிண்ட் எழுத்தையும் 5 பாயிண்ட் எழுத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் பழைய செதுக்குபவரின் கை தெரியும். எக்ஸ் போன்ற சிற்றெழுத்தின் உயரம் 10இல் 4.3055 பாயிண்ட், 5இல் 2.1528. சரியாகப் பாதி. ஆனால் அகலத்தின் அலகான எம், 10 பாயிண்டில் 10 ஆக இருக்க, 5 பாயிண்டில் 5 ஆக இல்லை, 6.8 ஆக இருக்கிறது. வெறுமனே சுருக்கினால் வரக்கூடியதைவிட மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் அகலம். அதில் ஒரு பகுதி எழுத்தே அகன்றதால் வந்தது, இன்னொரு பகுதி எழுத்துகளின் இருபுறமும் கூட்டிவிட்ட வெற்றிடத்தால் வந்தது. கோடுகளும் விகிதத்தைவிடத் தடித்தவை. 17 பாயிண்டில் இதன் எதிர்த்திசை: ஒல்லியான, மெலிந்த எழுத்து. டெக்கைக் கற்பிக்கும் தன் நூலில் நான்காம் அத்தியாயத்திலேயே, 10 பாயிண்ட் எழுத்தும் 5 பாயிண்டைப் பெரிதாக்கி வந்த எழுத்தும் வேறு வேறு என்பதை இரண்டையும் அச்சிட்டுக் காட்டியே அவர் பாடம் தொடங்குகிறார். கணிதம் அச்சிடுபவருக்கு இது அழகின் பிரச்சினை மட்டுமில்லை. மேற்குறியும் அதன்மேல் இன்னொரு மேற்குறியும் வரும் இடங்களில் டெக் 10, 7, 5 என்று மூன்று அளவுகளை அடுக்குகிறது. அந்த 5 பாயிண்டில் ஐ-யையும் ஜே-யையும் பிரித்தறிய முடியாவிட்டால் சமன்பாடே தவறாகப் படிக்கப்படும்.

இங்கே ஒரு வலுவான ஆட்சேபம் எழும். லாடெக்கின் அளவு ஏணி முழுவதும் இந்த எட்டு அளவுகளில் அடங்கவில்லையே, 14.4, 17.28, 20.74, 24.88 என்ற விநோத எண்களை எந்தச் செதுக்குபவரும் கேட்டிருக்க மாட்டாரே. இது வட்டில் இடம் மிச்சம்பிடிக்கச் செய்த ஏற்பாடு, அதைப் போய்ப் பாரம்பரியம் என்று உயர்த்துவது பின்னால் ஒட்டவைத்த பெருமை அல்லவா என்று கேட்கலாம். பாதி உண்மை இதில் இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. அந்த எண்கள் 10ஐ 1.2ஆல் திரும்பத் திரும்பப் பெருக்கி வந்தவை. 11 பாயிண்ட் என்று லாடெக் சொல்வதும் உண்மையில் 10.95, அதாவது 1.2இன் வர்க்கமூலத்தால் பெருக்கியது. எழுத்துரு புள்ளிப் படங்களாக இருந்த காலத்தில் ஒவ்வோர் அளவுக்கும், ஒவ்வொரு அச்சுப்பொறியின் நுண்மைக்கும் தனிக் கோப்பு தேவைப்பட்டது. ஆளுக்கோர் அளவு கேட்டால் வட்டு நிறைந்துவிடும். ஒரே விகிதத்தில் ஏறும் ஏணி இருந்தால், ஆவணம் முழுவதையும் 1.2 மடங்கு பெரிதாக்கினாலும் ஏற்கெனவே உள்ள கோப்புகளே பயன்படும். பெரிதாக அச்சிட்டுப் புகைப்பட முறையில் குறைத்துக் கூர்மை கூட்டுவதற்கும் இது உதவியது. ஆகவே ஏணியின் மேற்படிகள் சிக்கனத்தால் பிறந்தவை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கீழ்ப்படிகளைப் பாருங்கள்: 5, 7, 8, 9, 10, 12. அவை ஒவ்வொன்றின் பின்னாலும் தனியாக வகுத்த எழுத்து நிற்கிறது. சிக்கனம் மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால் ஒரே தொகுதி அளவெண்களை வைத்துக்கொண்டு எல்லா அளவுக்கும் புள்ளிப் படம் தயாரித்திருக்கலாம், வேலையும் எட்டில் ஒன்றாகக் குறைந்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. எங்கே கண் தடுமாறுமோ அந்தச் சிறிய அளவுகளில் உழைப்பைக் கொட்டியும், எங்கே வேறுபாடு மங்கிவிடுமோ அந்தப் பெரிய அளவுகளில் பெருக்கலிடம் விட்டும் இருக்கிறார். ஈய வார்ப்பகமும் தன் உழைப்பை இப்படித்தான் பங்கிட்டது: சுவரொட்டி எழுத்துக்கு மரம், புத்தக எழுத்துக்கு எஃகு.

லெஸ்லி லாம்போர்ட் 1980களில் டெக்கின்மேல் லாடெக்கைக் கட்டியபோது இன்னொரு முடிவு எடுத்தார். எழுதுகிறவர் எண்ணைச் சொல்ல வேண்டாம், ஒப்பீட்டைச் சொன்னால் போதும் என்றார். ஸ்மால், லார்ஜ், ஃபுட்நோட்சைஸ் என்று பத்துப் பெயர்கள். லார்ஜ் என்றால் 12. அந்தப் பெயரின் முதலெழுத்தை ஆங்கிலப் பேரெழுத்தாக எழுதினால் 14.4, எல்லா எழுத்தையும் பேரெழுத்தாக்கினால் 17.28. ஆவணத்தின் அடிப்படை அளவை 10லிருந்து 12க்கு மாற்றினால் பெயர்கள் அப்படியே இருக்க, அவற்றின் பின்னுள்ள அளவுகள் ஒருசேர மேலேறும். 12 பாயிண்ட் ஆவணத்தில் கடைசி இரண்டு பெயர்களும் ஒரே 24.88-இல் போய் நிற்கின்றன, அதற்கு மேல் ஏணியில் படி இல்லை. பெயருக்குப் பின்னே எழுத்தளவு மட்டும் இல்லை, வரித்தூரமும் இருக்கிறது: 10க்கு 12, 9க்கு 11, 8க்கு 9.5. இந்த மூன்று ஜோடிகளில் எந்த இரண்டும் ஒரே விகிதத்தில் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அடிக்குறிப்பின் வரிகள் உடலுரையைவிட ஒப்பளவில் சற்று நெருக்கமானவை, 24.88க்கோ 30. யாரோ ஒவ்வொரு ஜோடியையும் பார்த்து முடிவு செய்திருக்கிறார்கள். பின்னாளில் இணையப் பக்கங்களுக்கான நடைத்தாள் விதிகளை வகுத்தவர்களும் இதே வழியில் ஸ்மால், லார்ஜ் என்று பெயர்களை வைத்து, 1996இல் படிக்குப் படி 1.5 மடங்கு என்று சொல்லிப் பார்த்து, 1998இல் 1.2க்கு இறங்கி வந்தார்கள்.

பெயர்கள் போதாதவர்களுக்கு வழி அடைக்கப்படவில்லை. பிராங்க் மிட்டல்பாக்கும் ரெய்னர் ஷோப்ஃபும் 1989 முதல் உருவாக்கிய புதிய எழுத்துருத் தேர்வு முறை 1994இல் லாடெக்கின் அங்கமாயிற்று. அதில் ஃபான்ட்சைஸ் என்ற கட்டளை எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு கேட்க இடம் தருகிறது. அந்தக் கட்டளையின் அமைப்பில்தான் எனக்கு மிகுந்த மரியாதை. அது ஓர் எண்ணை ஏற்றுக்கொள்வதில்லை, இரண்டு கேட்கிறது: எழுத்தளவு, வரித்தூரம். இரண்டாவதைச் சொல்லாமல் முதலாவதைப் பெற முடியாது. இரண்டும் சொன்ன பிறகும், செலக்ட்ஃபான்ட் என்று தனியே உத்தரவு கொடுக்கும்வரை எழுத்து மாறாது. பழைய அச்சுக்கூடத்தில் கம்பாசிட்டரிடம் வேலை கொடுத்தவர் பத்தின்மேல் பன்னிரண்டு என்று ஜோடியாகத்தான் சொன்னார், வரிகளுக்கு இடையே செருக வேண்டிய ஈயத் தகட்டின் கனம் அதில் அடங்கியிருந்தது. இன்றைய சொற்செயலிகளின் கருவிப்பட்டையில் அளவுக்கு ஒரு சிறு பெட்டி இருக்கிறது, அதில் ஓர் எண்ணை மாற்றினால் போதும். வரித்தூரம் ஒரே விகிதத்தில் தானாக நீளும். வசதிதான். ஆனால் எழுத்தின் அளவை மாற்றுவது பக்கத்தின் வெளியை மாற்றுவது என்ற எண்ணமே பயன்படுத்துகிறவரின் மனதில் எழாமல் அந்தப் பெட்டி பார்த்துக்கொள்கிறது. லாடெக்கின் கட்டளை அந்த எண்ணத்தைக் கட்டாயமாக்குகிறது. இரண்டாம் எண்ணுக்கு என்ன எழுதுவது என்று தெரியாமல் தயங்குபவர் அந்தத் தயக்கத்திலேயே அச்சுத் தொழிலின் ஒரு பாடத்தைத் தொட்டுவிடுகிறார்.

புள்ளிப் படங்களின் காலம் 1990களில் முடிந்தது. கம்ப்யூட்டர் மாடர்ன் எழுத்துகளை வெளிக்கோட்டு வடிவில் இரண்டு நிறுவனங்கள் செய்து விற்றுவந்தன. 1997இல் அமெரிக்கக் கணிதக் கழகத்தின் வழியாக அவை எல்லோருக்கும் இலவசமாயின. வெளிக்கோட்டு எழுத்தை எந்த அளவுக்கும் நீட்டலாம். வட்டுச் சிக்கனம் என்ற காரணம் அத்துடன் ஒழிந்தது. ஆனாலும் லாடெக்கின் அட்டவணை மாறவில்லை, 13 கேட்டால் 12தான். காரணம், பழைய ஆவணம் பத்தாண்டு கழித்துத் திறந்தாலும் அதே வரி அதே இடத்தில் முறிய வேண்டும் என்ற உறுதிமொழி. நூத்தே 1990இல் டெக்கின் வளர்ச்சியை நிறுத்தி, பிழை திருத்தம் மட்டும் என்று அறிவித்திருந்தார். தளை வேண்டாதவர்கள் ஃபிக்ஸ்-சிஎம் என்ற தொகுப்பை அழைத்தால் எல்லா அளவும் கிடைக்கும். எட்டு மூல எழுத்துகளில் எது எந்த எல்லைக்குள் பயன்பட வேண்டும் என்று அது பங்கிட்டுக்கொடுக்கிறது. 13க்கு 12இன் எழுத்தை எடுத்துச் சற்று நீட்டும், 10இன் எழுத்தை எடுக்காது. தடையும் நீங்கியது, மரபும் தப்பியது. பின்னர் போலந்து நாட்டு டெக் பயனர்கள் உருவாக்கிய லத்தீன் மாடர்ன் எழுத்துருவும் அளவுக்கொரு மூலம் என்ற ஏற்பாட்டைக் கைவிடவில்லை.

இந்த வாதத்துக்கு எதிராகச் சொல்லக்கூடியவற்றில் மிகக் கனமானது பார்வைக் குறைவுள்ளவர்களின் தரப்பிலிருந்து வருவது. 10, 11, 12 என்ற மூன்றே அடிப்படை அளவுகளைக் கொடுத்து, இதுதான் நல்ல அச்சு என்பது, அந்த அளவில் படிக்க முடியாதவரை வெளியே நிறுத்துவதாகும். இதற்கு நான் மறுப்புச் சொல்லப் போவதில்லை. லாடெக்கின் மூல வடிவம் இந்த வாசகரை நினைத்துப் பார்க்கவில்லை. எக்ஸ்ட்சைசஸ் என்ற தொகுப்பு 8, 9, 14, 17, 20 என்ற அடிப்படை அளவுகளைச் சேர்த்துக் கொடுத்து அந்தக் குறையை ஓரளவு தீர்த்தது. ஆனால் அது தீர்த்த விதத்தைக் கவனித்தால் என் வாதம் இன்னும் வலுப்படும். 17 பாயிண்டில் ஓர் ஆவணம் வேண்டும் என்றால் உடலுரையை மட்டும் நீட்டிவிட்டு அது நிற்பதில்லை. தலைப்பு, அடிக்குறிப்பு, மேற்குறி, வரித்தூரம் எல்லாவற்றையும் 17ஐ மையமாக வைத்துப் புதிதாக அடுக்குகிறது. பார்வை குறைந்தவருக்கு எழுத்து பெரிதாக இருந்தால் மட்டும் போதாது. வரிகள் ஒன்றோடொன்று கலக்காமல், அடிக்குறிப்பும் படிக்கும்படி இருக்க வேண்டும். அளவை ஓர் எண்ணாக நினைத்து மாற்றுகிறவர் உடலுரையைப் பெரிதாக்கிவிட்டு அடிக்குறிப்பை மறந்துவிடுவார். வாசகருக்கு அளவைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வேண்டும் என்பதும், ஒவ்வோர் அளவும் தனியாகச் சிந்திக்கப்பட வேண்டும் என்பதும் மோதிக்கொள்ளும் கோரிக்கைகள் அல்ல. இரண்டாவது இல்லாமல் முதலாவது அரைகுறையாகத்தான் நிறைவேறும்.

யாருக்கும் தெரியாத வேறுபாட்டுக்கு இத்தனை பேச்சா என்பது இன்னொரு கேள்வி. ஒரே வரைவை எல்லா அளவுக்கும் நீட்டி உலகம் முழுவதும் அச்சிட்டுக்கொண்டிருக்கிறது, யாரும் புகார் சொல்லவில்லை என்பார்கள். புகார் சொல்ல வாசகருக்கு வழியில்லை என்பதுதான் உண்மை நிலை. மருந்துப் பெட்டிக்குள் மடித்துவைத்த தாளைப் படிக்கத் திணறுபவர் தன் கண்ணைத்தான் குறை சொல்லிக்கொள்வார். 6 பாயிண்டுக்கு என்று வரையாத எழுத்தை 6 பாயிண்டுக்குச் சுருக்கினார்கள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் எழுத்து வரைபவர்களுக்கு அது தெரிந்தே இருந்தது. அடோபி நிறுவனம் 1990களின் தொடக்கத்திலேயே மல்டிபிள் மாஸ்டர் என்ற எழுத்துரு வடிவத்தில், அளவு கூடக் குறைய எழுத்தே உருமாறும் அச்சு (axis) ஒன்றை வைத்தது. பயன்படுத்தும் மென்பொருள்கள் துணை நிற்காததால் அது தோற்றது. 2016இல் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட், அடோபி நான்கும் சேர்ந்து மாறும் எழுத்துருக்களை அறிவித்தபோது, பதிவு செய்யப்பட்ட அச்சுகளில் ஒன்றாக எழுத்தளவு மீண்டும் வந்தது. நான்கு போட்டி நிறுவனங்கள் ஒன்றுகூடி ஏற்றுக்கொண்ட இந்த ஏற்பாடு, அளவெண்களை மாற்றி எழுத்தை மாற்றும் மெட்டாஃபான்டின் எண்ணத்துக்கு மிக அருகில் நிற்கிறது. தேவையே இல்லாத ஒன்றைத் தொழில் இப்படி மூன்று முறை கண்டுபிடிக்காது.

தமிழுக்கு இதில் கிடைத்தது என்ன என்று கேட்டால் பதில் மகிழ்ச்சி தருவதில்லை. டெக்கில் தமிழை அச்சிட வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மெட்டாஃபான்டில் ஓர் எழுத்துரு உருவானது. அதன் கோப்பின் பெயரே 10 என்ற எண்ணில் முடிந்தது. 5க்கோ 7க்கோ தனி வரைவைச் செய்யக்கூடிய கருவி கையில் இருந்தும், தமிழுக்குப் பரவலாகப் போய்ச்சேர்ந்தது அந்த ஒரே அளவின் வரைவு. அதன்பின் வந்த யூனிகோடு தமிழ் எழுத்துருக்களில் பெரும்பாலானவையும் ஒரே வரைவுதான். ஆனால் லத்தீனைவிடத் தமிழுக்கு இந்தத் தேவை அதிகம். ணகரத்தின் சுழிகள், ஞகரத்தின் உள்வளைவு, ழகரத்தின் அடிக்கொக்கி, மெய்யின் தலையில் நிற்கும் புள்ளி எல்லாம் சிறிய அளவில் முதலில் அடைபடும் இடங்கள். மூன்று சுழிக்கும் இரண்டு சுழிக்கும் உள்ள வேறுபாடு மறைந்தால் அடிக்குறிப்பில் ஒரு சொல் இன்னொரு சொல்லாகிவிடும். 7 பாயிண்டில் அந்தச் சுழிகளை அகலத் திறந்து, புள்ளியைப் பெரிதாக்கி, எழுத்துகளைத் தள்ளி நிறுத்த வேண்டும். 24 பாயிண்டில் அதே அகலம் தலைப்பைத் தளர்ந்து விழச் செய்யும், ஆகவே இறுக்க வேண்டும். அமைப்பின் பக்கம் தடை எதுவும் மீதமில்லை. யூனிகோடு எழுத்தை நேரே படிக்கும் சீடெக்கிலும் லுவாடெக்கிலும், ஃபான்ட்ஸ்பெக் என்ற தொகுப்பு வழியாக, 8 பாயிண்ட் வரை இந்தக் கோப்பு, 8க்கும் 14க்கும் இடையே அந்தக் கோப்பு, அதற்கு மேல் வேறொன்று என்று எழுதிவைக்கலாம். அளவைக் கேட்டதும் அதற்குரிய எழுத்து தானாக வந்து நிற்கும். அந்த மூன்று இடங்களிலும் வைக்க மூன்று தமிழ்க் கோப்புகள் வேண்டும். ஆட்லர் 1715இல் ஈயத்தில் செய்து முடித்த வேலையை, அடிக்குறிப்புக்கு ஒன்று, உடலுரைக்கு ஒன்று, தலைப்புக்கு ஒன்று என்று இன்று வெளிக்கோட்டில் செய்ய எழுத்து வரைவோர் முன்வர வேண்டும். அதற்குக் கூலி கொடுக்கப் பதிப்பகங்களும் பல்கலைக்கழகங்களும் முன்வர வேண்டும்.